34ஆம் பக்கத்தில் இருக்கும் ‘தோற்ற மண்’

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுவினருக்கும் தமிழ்ப் பாடசாலைப் பொறுப்பாளர்களுக்கும்,

அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பாருங்கள் என்று போன வியாழக்கிழமை மலரின் பிரதியை அனுப்பியிருந்தீர்கள். 34ஆம் பக்கத்தில் என் பெயரில் ஒரு கட்டுரை இருக்கிறது. நான் வைத்த தலைப்பு ‘ஜெனரலின் பத்தாம் கட்டளை’. இப்போது அது ‘தோற்ற மண்ணில் இராணுவ ஆட்சி: ஓர் இருண்ட காலம்’ ஆகிவிட்டது. பதினொரு பத்தியில் நாலைக் காணவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசியில், 1865 பெப்ரவரி 17 இரவு, எங்கள் தென் கரோலினா மாநிலத்தின் தலைநகர் கொலம்பியா எரிந்த கதை ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. சட்டசபைக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் வடக்குப் படை ஜெனரல் ஷெர்மனின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்களில் பதித்திருக்கும் வெண்கல நட்சத்திரங்களின் படமும் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி எழுதியதுதான் போய்விட்டது. அந்த இடத்தில் நான் எழுதாத ஒரு வரி நிற்கிறது: ‘1865 முதல் 1877 வரை பன்னிரண்டு ஆண்டுகள் தென் கரோலினா இராணுவத்தின் காலடியில் கிடந்தது.’

அதே நாள் பின்னேரம் பாடசாலையிலிருந்து இன்னொரு மின்னஞ்சல். ஆறாம், ஏழாம் நிலைப் பிள்ளைகளை, அந்தக் காலத்து வரலாற்றிடங்கள் உள்ள கடலோர ஊரான போஃபர்ட்டுக்குக் கூட்டிப் போகும் பயணம் ரத்து. பதிலாக சார்ல்ஸ்டன் பக்கத்தில் ஒரு பழைய பெருந்தோட்டத்து மாளிகையும் பூந்தோட்டமும், மத்தியானச் சாப்பாட்டோடு. காரணம் இரண்டே சொல்: ‘அரசியல் வேண்டாம்.’

தொலைபேசியில் கேட்டேன். உங்களில் நான் மிகவும் மதிக்கும் அண்ணை ஒருவர்தான் எடுத்தார். “தங்கச்சி, தோத்த சனத்துக்கு மேல ஆமி ஆட்சி நடத்தினா என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேணுமோ?” என்றார். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் யோசித்து இப்போது எழுதுகிறேன். குழுவில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள், பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள், ஆகையால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

ஆமி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து அப்பாவின் சைக்கிள் கரியரில் கிளம்பியவள் நான். போர் முடிந்து பல வருடம் கழித்துப் போனபோதும் ஆமியின் முட்கம்பிக்கு வெளியே நின்று, தூரத்தில் தெரியும் தென்னைகளில் எது எங்கள் கிணற்றடித் தென்னை என்று தேடிவிட்டுத் திரும்பினேன். அண்ணை சொன்னதன் வலி எனக்கு விளங்காமல் இல்லை. அந்த வலியை எடுத்துக்கொண்டுபோய் யாருக்காக இரங்குகிறோம் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் பிணக்கு.

‘தோற்ற மண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1860 குடிசன மதிப்பில் தென் கரோலினாவில் இருந்தவர்கள் 703,708 பேர். அதில் 402,406 பேர் அடிமைகள், நூற்றுக்கு 57 பேர். அமெரிக்க ஒன்றியத்தை விட்டு முதலில் பிரிந்த மாநிலம் இது. பிரிவதற்கு அந்த 57 பேரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை, அவர்களை அடிமைகளாகவே வைத்திருக்கத்தான் பிரிந்தார்கள். 1865 பெப்ரவரியில் சார்ல்ஸ்டன் சரணடைந்தபோது முதலில் உள்ளே வந்த வடக்குப் படைகளில் ஒன்று 21ஆம் கறுப்பினப் படைப்பிரிவு. அதில் பலர் இந்த மாநிலத்துக் கடலோரத் தீவுகளில் அடிமையாக இருந்தவர்கள். தங்கள் சொந்த ஊருக்குள் துப்பாக்கியோடு நடந்து வந்தார்கள். அவர்களைத் தெருவில் நின்று வரவேற்ற சனமும் இந்த மண்ணின் சனம்தான். மாநிலம் தோற்றது என்று எழுதும்போது அந்த நூற்றுக்கு 57 பேரை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

சரி, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். இது பெரிய பிழை, என் பெயரில் வந்திருப்பதால் இன்னும் உறுத்துகிறது. 1865இல் போர் முடிந்ததும் படை இங்கே இருந்தது, உண்மை. ஆனால் அந்த வருடம் நடுப்பகுதியிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜோன்சன் உள்ளூர்க்காரரான பெஞ்சமின் பெர்ரியை இடைக்கால ஆளுநராக்கினார். பிறகு தேர்தலில் ஜேம்ஸ் ஓர் (Orr) என்பவர் ஆளுநராக வந்தார். பழைய ஆட்களிடமே ஆட்சி திரும்பிவிட்டது. வருடக் கடைசியில் அவர்கள் செய்த வேலைதான் ‘கறுப்புச் சட்டங்கள்’. அந்தச் சட்டத்தில் ‘எசமான்’, ‘வேலையாள்’ என்றே எழுதியிருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் வயல்வேலை, வீட்டுவேலை தவிர வேறு தொழில் செய்வதென்றால் நீதிபதியிடம் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். கடை வைக்க ஆண்டுக்கு 100 டொலர், கைத்தொழிலுக்கு 10 டொலர். தோட்டத்தில் சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை வேலை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த வேலையாளை எசமான் ‘அளவாக’ அடிக்கலாம். அடிமை முறை ஒழிந்து வருடம் முடியவில்லை, வேறு பெயரில் அது திரும்பி வந்துவிட்டது. 1866 ஜனவரியில் அதைச் செல்லாது என்று அறிவித்தது நீதிமன்றமல்ல, சட்டசபையும் அல்ல. டேனியல் சிக்கிள்ஸ் என்ற இராணுவ ஜெனரல், ஒரு கட்டளையில்.

முறையான இராணுவ ஆட்சி வந்தது அதற்கும் பின்னால். 1867 மார்ச் 2 அன்று ஜோன்சனின் தடுப்பதிகாரத்தை மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, பத்துத் தென் மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது. இரண்டு கரோலினாக்களும் சேர்ந்து இரண்டாம் மாவட்டம், சார்ல்ஸ்டனில் தலைமையகம். 1868 ஜூலையில் முடிந்துவிட்டது. மொத்தம் ஏறக்குறைய பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதமும் ஆளுநர் ஜேம்ஸ் ஓர் தன் நாற்காலியில்தான் இருந்தார். ஜோர்ஜியாவிலும் லூசியானாவிலும் டெக்சாசிலும் ஆளுநர்களைத் தூக்கினார்கள், இங்கே தூக்கவில்லை. பத்து மாநிலத்துக்கும் சேர்த்து இருந்த படை இருபதாயிரம் அளவுதான், அதிலும் ஒரு பங்கு டெக்சாஸ் எல்லைக் காவலில். ‘காலடியில் கிடந்தது’ என்று எழுதுவதற்கு முதலில் அவ்வளவு கால்கள் வேண்டும்.

நான் தலைப்பாக வைத்த பத்தாம் கட்டளைக்கு வருகிறேன். நீங்கள் வெட்டியதில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது. 1867 ஏப்ரல் 11 அன்று சிக்கிள்ஸ் போட்டது. கடனுக்காக ஆளைச் சிறையில் போடுவதை நிறுத்தினார். போர்க்காலத்துக் கடன்களுக்காக நிலத்தையும் பொருளையும் பறிமுதல் செய்வதை நிறுத்திவைத்தார், போருக்கு முந்திய கடன்களுக்கான ஏலங்களைப் பன்னிரண்டு மாதம் தள்ளிவைத்தார். குடியிருக்கும் வீட்டையும் சிறு துண்டு நிலத்தையும் கடன்காரன் தொட முடியாது என்றார். சவுக்கடி, சூடு போடுதல் போன்ற தண்டனைகளைத் தடை செய்தார். களவுக்கு மரண தண்டனை இல்லை என்றார். கொஞ்சம் நின்று பாருங்கள், இதனால் தப்பியவர்களில் கடனில் மூழ்கியிருந்த வெள்ளை விவசாயிகளும் ஏராளம். ‘தோற்றவர்கள்’ என்று நீங்கள் இரங்குகிறவர்களின் காணிகளை ஏலத்திலிருந்து காத்தது அந்த ஆமி ஆட்சிதான்! அடுத்த மாதம் 32ஆம் கட்டளையில் பொது வண்டிகளிலும் ரயிலிலும் கப்பலிலும் நிறம் பார்த்து ஆளை விலக்கக் கூடாது என்று வந்தது. அந்த இளவேனிலில் சார்ல்ஸ்டனில் கறுப்பின மக்கள் டிராம் வண்டிகளில் ஏறி இறங்க மறுத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். அலபாமாவில் பஸ்ஸில் எழும்ப மறுத்த ரோசா பார்க்சை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு எண்பத்தெட்டு வருடம் முந்திய இந்தக் கதை எங்கள் மாநிலத்துக் கதை, அது தெரியாது.

சிக்கிள்ஸ் நல்ல மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. 1859இல் மனைவியின் காதலனை வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்று, தற்காலிக மனநிலைக் குழப்பம் என்று வாதாடி விடுதலையானவர். பிறகு கெட்டிஸ்பர்க் போரில் ஒரு காலை இழந்தார். இப்படி ஒரு ஆள் கையொப்பம் வைத்த கட்டளை இவ்வளவு நியாயமாக இருப்பதைப் பார்த்துத்தான் நான் அந்தக் கட்டுரையே எழுதத் தொடங்கினேன். ஆகஸ்ட்டில் ஜோன்சன் அவரை நீக்கிவிட்டார். பிறகு வந்தவர் எட்வர்ட் கான்பி.

அந்த வருடம் நடந்த வாக்காளர் பதிவில் கறுப்பின ஆண்கள் 80,000க்கு மேல், வெள்ளையர் சுமார் 47,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கூடிய அரசியல் யாப்பு மாநாட்டில் 124 பேர். 70க்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர், அதில் பலர் மூன்று வருடத்துக்கு முன்வரை இன்னொருவரின் சொத்து. 1868 ஜனவரியிலிருந்து மார்ச் வரை சார்ல்ஸ்டனில் இருந்து எழுதினார்கள். பொதுப் பாடசாலைகள் நிறம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று இந்த மாநிலத்து யாப்பில் முதலில் எழுதியவர்கள் அவர்கள்தான். கல்விக் குழுவின் தலைவர் பிரான்சிஸ் கார்டோசோ. வில்லியம் விப்பர் என்பவர் எழுந்து, ஓட்டுரிமைப் பகுதியில் ‘ஆண்’ என்ற சொல் எதற்கு, பெண்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. கேட்டது 1868இல். வெட்டுப்பட்ட நாலு பத்தியில் இரண்டு இதைப் பற்றியவை.

‘இந்த ஊர்ச் சண்டை எங்களுக்கு எதற்கு, வந்த இடத்தில் சும்மா இருப்போம்’ என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 1866 டிசம்பரில் இந்த மாநிலத்தின் பழைய சட்டசபை ஒரு திருத்தத்தை நிராகரித்தது. இங்கே பிறந்தவர் எவரும் இந்த நாட்டின் குடிமகன் என்று சொல்லும் 14ஆம் திருத்தம். அதை ஏற்றால்தான் மீண்டும் காங்கிரசில் இடம் என்று 1867 சட்டம் நிபந்தனை போட்டது. 1868 ஜூலையில் புதிய சட்டசபை, அந்த 80,000 பேரின் ஓட்டில் வந்த சட்டசபை, அதை ஏற்றது. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள்? அவர்களின் கடவுச்சீட்டு மேசை லாச்சிக்குள் எப்படி வந்தது? நாங்கள் எச்–1பி விசாவிலோ அகதியாகவோ வந்தோம். அவர்கள் அந்தத் திருத்தத்தின் கதவால் வந்தார்கள். இது ஊர்ச் சண்டை அல்ல, அண்ணை.

ஆட்சி முடிந்து ஆமி ஒதுங்கியதும் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1868 ஒக்டோபர் 16. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்பினத்தவரான மாநில செனட்டர் பெஞ்சமின் ரண்டொல்ஃப் ஒரு ரயில் நிலையத்தில் பட்டப்பகலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் கறுப்பின மக்கள் ஏற்படுத்திய மயானம் கொலம்பியாவில் எல்ம்வுட் மயானத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. எல்ம்வுட்டில் தெற்குப் படையினரின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, அங்கே போவோர் நிறையப் பேர். இந்தப் பக்கம் நான் போன இரண்டு தடவையும் புல்லுத்தான் இருந்தது, ஆள் இல்லை. 1871இல் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ குளுக்ஸ் கிளானின் அட்டகாசம் தாங்காமல் ஜனாதிபதி கிராண்ட் மேட்டுநிலத்து ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து மறுபடியும் படையை அனுப்ப வேண்டியிருந்தது. 1876 ஜூலையில் இந்த மாநிலத்து ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினத்தவர் படுகொலை. 1877 ஏப்ரல் 10 அன்று சட்டசபைக் கட்டடத்திலிருந்து கடைசிச் சிப்பாய்களும் வெளியேறினார்கள். 1895இல் புது யாப்பு எழுதி அந்த மக்களின் ஓட்டையும் பறித்தார்கள். இருண்ட காலம் என்ற தலைப்பு வேண்டுமென்றால் அதற்குப் பொருத்தமான வருடங்கள் இவை.

இராணுவ ஆட்சியில் குற்றமே இல்லை என்று நான் எழுதவில்லை. வெட்டாத பிரதியை ஒழுங்காக வாசித்தால் தெரியும். பொதுமக்களை ஜூரி இல்லாத இராணுவ ஆணைக்குழுக்கள் விசாரித்தன. மிசிசிப்பியில் மக்கார்டல் என்ற பத்திரிகை ஆசிரியரை எழுதியதற்காகப் பிடித்து அடைத்தார்கள். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும் காங்கிரஸ் அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தையே நீதிமன்றத்திடமிருந்து எடுத்துவிட்டது. அதை நான் எந்தக் காலத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆமியின் கை பட்டு நிலம் இழந்தவர்களுக்காகத்தான் உங்கள் மனம் அழுகிறது என்றால், அவர்கள் எடிஸ்டோ தீவில் இருந்தார்கள். 1865 ஜனவரியில் ஷெர்மன் ஒரு கட்டளை போட்டு, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோரத் தீவுகளையும் கைவிடப்பட்ட நெல்வயல்களையும் விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கினார், குடும்பத்துக்கு 40 ஏக்கருக்குள். அவர்கள் உழுது நட்டு, விளைச்சலும் கண்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில், விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகத்தின் தலைவர் ஜெனரல் ஹவார்ட் எடிஸ்டோவுக்கு வந்து, ஜனாதிபதி பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார், காணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சனத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தீவு மக்கள் குழு அமைத்து ஹவார்டுக்கும் ஜனாதிபதிக்கும் மனு எழுதினார்கள். பலன் இல்லை. ஒப்பந்தத்தில் ஒப்பமிடு, இல்லாவிட்டால் வெளியேறு என்று அவர்களை எழுப்பியது இராணுவம்தான். அந்த மனுவை முதல் தடவை வாசித்தபோது, காணி உறுதியை பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எங்கள் அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். அண்ணை, தெற்கில் எங்களைப் போல இருந்தவர்கள் அவர்கள். மாளிகைத் தாழ்வாரத்தில் நின்று புகை எழும்புவதைப் பார்த்தவர்கள் அல்ல.

பிள்ளைகளை நீங்கள் கூட்டிப் போகப்போவது அந்தத் தாழ்வாரத்துக்குத்தான்.

ஆகவே கேட்கிறேன். மலர் அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. 34ஆம் பக்கத்தில் என் தலைப்பையும் நாலு பத்தியையும் திரும்பப் போடுங்கள், பன்னிரண்டு ஆண்டு வரியை எடுங்கள். இடம் போதாதென்றால் கொலம்பியா எரிந்த பத்தியை நானே பாதியாகச் சுருக்கித் தருகிறேன். என் கருத்துக்கு மறுப்பு இருந்தால் அண்ணையே எழுதட்டும், எதிர்ப் பக்கத்தில் அவர் பெயரில் போடுங்கள், சந்தோஷமாக வாசிப்பேன். இனிமேல் யாருடைய கட்டுரையிலும் கருத்து மாறும்படி கை வைப்பதற்கு முன் எழுதியவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

போஃபர்ட் பயணத்தை மீண்டும் வையுங்கள். அங்கே மறுகட்டமைப்புக் காலம் எனப்படும் போருக்குப் பிந்திய இந்த வருடங்களுக்கென்றே ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. செயின்ட் ஹெலினா தீவில் 1862இல் விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பென் பாடசாலையின் வளாகம் இருக்கிறது. ரொபர்ட் சுமால்ஸ் வீட்டைத் தெருவில் நின்று காட்டலாம். அந்த வீட்டின் பின்பக்கக் குடிசையில் அடிமையாகப் பிறந்து, பிறகு அதே வீட்டை வரி ஏலத்தில் வாங்கியவர் அவர், யாப்பு மாநாட்டிலும் இருந்தார். பஸ் வாடகை காரணமென்றால் என் பங்காக 150 டொலர் தருகிறேன், இன்னும் மூன்று பெற்றோர் பங்கு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். போஃபர்ட் தூரம் என்றால் கொலம்பியாவில், பின்னாளில் ஜனாதிபதியான வுட்ரோ வில்சன் சிறுவயதில் வாழ்ந்த வீடு இப்போது இந்தக் காலத்தின் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரண்டொல்ஃப் மயானத்துக்கு ஒரு நடை. மாளிகைக்குத்தான் போவது என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், முதலில் அடிமைக் குடிசைகளுக்குக் கூட்டிப் போங்கள். பூந்தோட்டமும் சாப்பாடும் அதற்குப் பிறகு. அன்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல நானே வருகிறேன்.

இதில் எதுவும் முடியாது என்றால் அதையும் வரும் ஞாயிறு கூட்டத்துக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு 34ஆம் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். நட்சத்திரங்களின் படம் நான் எடுத்தது, அதையும்.

இப்படிக்கு,
ஆறாம் நிலை ஆசிரியை